பதினோரு ஆட்டோவும் ஒரே வீடும்

அக்கா மகளுடைய ஆட்டோ ஓடாமல் நிற்கிறது, அதற்காகக் கடல் தாண்டிப் போகிறேன் என்று சொன்னதும் கோத்தகிரியில் எங்கள் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். நான் யாரிடமும் கை நீட்டிப் போகவில்லை. என் பசு கறந்த பாலில் போனேன்.

லெட்சுமி என் அக்காவின் ஒரே மகள். இலங்கைத் தோட்டத்துத் தமிழர்களை ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பிய காலத்தில் எங்கள் குடும்பத்தையும் இந்தியாவுக்கு அனுப்பியபோது அக்கா கல்யாணமாகி இலங்கையிலேயே நின்றுவிட்டாள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. அதனால் அந்த ஊர் ஞாபகம் ஏதாவது உண்டா என்று கேட்காதீர்கள். ஒன்றும் கிடையாது. அக்காவும் இப்போது இல்லை. லெட்சுமி இருக்கிறாள், பதுளைப் பக்கம் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவள் ஓட்டுகிற ஆட்டோதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

அவள் போனில் அழுதாள். அழுகிற பிள்ளை இல்லை அவள். ஆட்டோவுக்குக் காப்பீடு புதுப்பிக்கப் போனால் போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்களாம். கட்ட முடியாது. கட்டாவிட்டால் வண்டிக்கு வருடா வருடம் எடுக்கிற லைசென்ஸ் கிடைக்காது. காப்பீடு இல்லாத வண்டியை, அதை வாங்கக் கடன் கொடுத்த லீசிங்காரர்கள் மாசக் கடைசியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“ஏன் ஏத்தினாங்களாம்?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர் சொல்லுதாம் சின்னம்மா.”

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஆபீஸில் உட்கார எனக்குத் தெரியும். முன்னொரு தடவை என் பசு செத்தபோது, காதில் மாட்டிய அடையாளத் தகடு விழுந்துவிட்டது, அதனால் காப்பீடு இல்லை என்றார்கள். மூன்று நாள் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினேன்.

முதல் நாள் முழுக்கக் கொழும்பிலிருந்து ரயிலில் போனது. எங்கள் நீலகிரி ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறும். இது சும்மாவே ஏறுகிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தேயிலை எங்கள் ஊரில் இருக்கிற அதே தேயிலைதான்.

அப்புத்தளையில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே ஒரே பனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கார்டு சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். என் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண், பண்டாரவளையில் காய்கறி வியாபாரமாம், அரைகுறைத் தமிழில் எனக்குச் சொன்னாள்: “அம்மா, பாதையில மண் விழுந்தது. ரயில் போறதில்ல. பயம் வேண்டாம், பஸ் இருக்கு.” எனக்கென்ன பயம்? அவள் ஒரு மீன் வைத்த பன்னை உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். ரொட்டிக்குள் மீனை ஒளித்து வைக்கிற யோசனை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.

பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்தது. கும்பலில் அது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்காமல் உட்கார்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அது புத்த பிக்குமாருக்கு ஒதுக்கிய சீட்டு என்று காய்கறிக்காரி சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிக்குவே ஏறிவிட்டார். எழுந்தேன். அவர் சிரித்து, உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு நின்றுகொண்டே வந்தார். காய்கறிக்காரி மொழிபெயர்த்தாள்: “பெரியவர் சொல்றார், அவருக்குக் காலு இருக்கு, அம்மாவுக்கு மூட்டை இருக்கு.” என் பையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஹாலிஎலையில் லெட்சுமி காத்திருந்தாள். அவள் கூட்டிப்போக வந்தது அடுத்தவன் ஆட்டோவில். அதில் ஏறும்போது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

மறுநாள் காலை கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். நம் சட்னியில் பாதி தண்ணீர். இதில் தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் மட்டுமே. நாக்கு எரிந்தது. இன்னொரு ரொட்டி கேட்டேன்.

அவர்கள் வீடு லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஒரே கூரை, ஒரே வாசல் நெடுக. கடைசி அறைக்குப் பக்கத்தில் நீல ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி நின்றது. தார்ப்பாயைத் தூக்கினால் சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி அடை கிடந்தது.

“ஏழு வருஷம் சின்னம்மா. ஒரு கீறல் விழல. பாருங்க,” என்று வண்டியைச் சுற்றிக் காட்டினாள் லெட்சுமி. உண்மைதான். மாட்டுக் கொம்பைப் பார்ப்பதுபோல நானும் தடவித் தடவிப் பார்த்தேன்.

தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, அவர்கள் பேச்சில் மேல் டிவிஷனுக்கு, பஸ் ஏறாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் இந்த ஆட்டோக்களில்தான். இந்த டிவிஷனில் பன்னிரண்டு ஆட்டோ. பதினொன்றுக்கு விலை ஏறியிருக்கிறது. நான்கு ஏற்கெனவே நின்றுவிட்டன.

மூன்றாம் நாள் பதுளையில் காப்பீட்டு ஆபீஸ். அங்கே அதற்குக் காப்புறுதி என்று பெயர். நமக்கு ஈடு, அவர்களுக்கு உறுதி. கிளையில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிவகுமரன் என்று பெயர். மரியாதை தெரிந்த பிள்ளை.

“இருங்கோ அம்மா. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

“விலை ஏன் ஏறுச்சுன்னு சொல்லு தம்பி. அப்புறம் குடிக்கலாம்.”

“அது எனக்கும் தெரியாது அம்மா.”

“தெரியாம எப்படிக் கேக்குற?”

“நான் கேக்கேல்லை. கொம்பியூட்டர் கேக்குது. பேர், வண்டி நம்பர், விலாசம் எல்லாம் இதில போட்டா, வாற வருசம் இந்த வண்டி அடிபடுமோ எண்டு அதுவே கணிச்சு ஒரு விலை சொல்லும். ஏன் எண்டு சொல்லாது.”

“எங்க ஊரு ஜோசியக்காரன்கூட ராகு, கேதுன்னு ஏதாச்சும் காரணம் சொல்லுவானே.”

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடக்கிக்கொண்டு, “கொழும்பிலை கேட்டுப் பாத்தன் அம்மா. அவைக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு செய்து குடுத்தது. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு காட்ட மாட்டினம்,” என்றான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். லெட்சுமியும் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் போனது. ஆபீஸ் மூடுகிற நேரத்தில் அவனே எழுந்து வந்தான். “அம்மா, நீங்கள் இஞ்ச ஒரு மாசம் இருந்தாலும் என்னாலை விலையை மாத்த ஏலாது. வெள்ளிக்கிழமை கொழும்பிலை இருந்து காப்புறுதிக் கொம்பனியளை மேற்பார்வை செய்யிற அரசாங்க ஆக்கள் பதுளைக்கு வருகினம். கொம்பியூட்டர் விலை போடுறதுக்கு ஒரு விதி எழுதப் போகினமாம். சனத்தின்ரை கருத்தைக் கேக்கினம். அங்கை வந்து இருங்கோ.”

பெஞ்ச் மாறினால் எனக்கென்ன.

நான்காம் நாள் காலையில் லெட்சுமியோடு பெரட்டுக்குப் போனேன். தோட்டத்து ஆட்கள் காலையில் கூடி, அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்கிற இடம் அது. அங்கேதான் கடிதமும் கொடுக்கிறார்கள். தபால்காரர் எல்லாவற்றையும் தோட்டத்து ஆபீஸில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கணக்கப்பிள்ளை மறுநாள் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “லெட்சுமி!” என்றதும் நான்கு கை உயர்ந்தது. “எந்த லெட்சுமிங்க?” என்று ஒருத்தி கேட்டாள். “எந்த லெட்சுமி கடன் வாங்கினாளோ அவ,” என்றார் கணக்கப்பிள்ளை. மூன்று கை இறங்கியது.

அன்றைக்கு அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் முத்திரையோடு மூன்று கடிதம் வந்திருந்தது. ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். மூன்றையும் என் கையில் வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் பெயரைப் பார்த்ததும் உறையைக் கிழித்துவிடுகிறார்கள். எனக்கு எல்லாமே கோலம்தான். முதல் வரி ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. கீழே மூன்று வரியும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது.

“இது என்ன, மூணு பேருக்கும் ஒண்ணையே எழுதியிருக்கு?”

“விலாசம் சின்னம்மா. டிவிஷன் பேரு, தோட்டத்துப் பேரு, ஹாலிஎல. எல்லாருக்கும் அதுதானே,” என்றாள் லெட்சுமி.

“கதவு நம்பரு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “கதவே ஆடிக்கிட்டு நிக்குது, அதுல நம்பரு வேறயா அத்தை?” என்று ஒருவன் கேட்டான். அவன் பெயர் முருகேசு. பன்னிரண்டாவது ஆட்டோக்காரன். விலை ஏறாத ஒரே ஆள்.

“இவனுக்கு ஏன் ஏறல?” என்று கேட்டேன்.

“அதத்தான் நாங்களும் கேக்குறோம்!” என்றாள் ஒருத்தி. “ரெண்டு தடவ கவுத்தவன். ஒரு தடவ ரோட்டோரத் தண்ணிக் கான்ல, ஒரு தடவ கோயில் சுவத்துல. சாமியே ஒதுங்கி நின்னுச்சு.”

“கான்ல வுழுந்தது மழையால,” என்றான் முருகேசு.

“கோயில் சுவரு?”

“அதுவும் மழதான்.”

“நீ எந்த விலாசம் குடுத்தே?” என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். வாரத்தில் பாதி நாள் அவன் இருப்பது ஹாலிஎலை பஜாரில் மாமனார் கடையில். கடை விலாசம் கொடுத்தால் கடிதம் கைக்கு வரும் என்று அதையே கொடுத்திருக்கிறான். அந்தக் கடைக்கு நம்பர் உண்டு.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்தப் பெட்டி இந்த மலையைப் பார்த்ததில்லை. லயத்தைப் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்தது மூன்று வரி. அந்த மூன்று வரியில் ஒரு வீடு. அந்த ஒரு வீட்டில் பதினோரு ஆட்டோ. ஒன்று போனால் ஒன்று எங்கேயாவது இடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒரு வீடு நிஜமாகவே இருந்தால் நானே இரண்டு மடங்கு கேட்பேன். ஏழு வருடம் கீறல் படாமல் ஓட்டியவளும் அந்த வீட்டுக்காரி. இரண்டு தடவை கவிழ்த்தவனோ வேறு வீட்டுக்காரன், பிழைத்துக்கொண்டான்.

“முருகேசு, நீ வெள்ளிக்கிழமை வந்து இதைச் சொல்லணும்,” என்றேன்.

“நான் கவுத்தத என் வாயால நாலு பேருக்கு முன்னால சொல்லணுமா? அப்புறம் எனக்கும் ஏத்திட்டா?”

“ஏத்தட்டுமே. கவுத்தவனுக்கு ஏத்துறதுதானே நியாயம்,” என்றாள் லெட்சுமி. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பதினோரு ஆட்டோக்காரர்களும் நானும் பதுளைக்குப் பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் மின்விசிறி வேலை செய்யவில்லை. அந்தக் குளிருக்குத் தேவையும் இல்லை. மேடையில் மேற்பார்வை ஆபீஸ் அம்மா ஒருத்தர், சிங்களவர், என் வயசுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் பேசியதைப் பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். எதிரே டை கட்டிய காப்பீட்டுக் கம்பெனி ஐயா, கொழும்பிலிருந்து. பின்னால் ஓரத்தில் சிவகுமரன்.

அந்த அம்மா நன்றாகக் கேட்டார். “விலை போடுவதற்கு இயந்திரம் எதையெல்லாம் பார்க்கிறது?”

“நூற்றுக்கும் மேலே இருக்கிறது மேடம். எது எவ்வளவு என்பது செய்து கொடுத்தவர்களுடைய தொழில் ரகசியம்.”

“நீங்கள் வாங்கும் விலைப்பட்டியலை எங்களிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். எதைப் பதிவீர்கள்?”

“பட்டியல் என்று ஒன்று இல்லை மேடம். புதிதாக விவரம் வர வர அது தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். இந்த மாதம் பதிந்தால் அடுத்த மாதம் அது பழசு.”

“அப்படியானால் அது நியாயமாக நடக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதன் கணிப்பு சரியாக இருக்கிறது மேடம். சோதித்துப் பார்த்துவிட்டோம்.”

அந்த அம்மா பேனாவை மேசையில் வைத்தார். அவர்கள் எழுத நினைக்கிற விதி எந்தக் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறது என்று எனக்கு விளங்கியது. கங்காணி தப்புக் கணக்கு எழுதினால் நேரில் கேட்கலாம். இதில் யாரைக் கேட்பது?

நான் கையைத் தூக்கினேன். “நான் இந்தியாவுல இருந்து வந்திருக்கேன். எனக்குப் பேச உரிமை இருக்கா இல்லையான்னு முதல்ல சொல்லுங்க.”

“வண்டி யாருடையது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“என் அக்கா மகளோடது.”

“அப்படியென்றால் அவர் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.”

அதுவும் சரிதான். லெட்சுமி எழுந்தாள். நான் முழங்கையால் இடித்தேன். “எங்க வீட்டு விலாசத்தை நான் படிக்கிறேங்க. இதே விலாசம் உள்ளவங்க எழுந்திருங்க,” என்று மூன்று வரியையும் படித்தாள். பத்துப் பேர் எழுந்தார்கள், அவளோடு பதினொன்று.

“எல்லோரும் ஒரே குடும்பமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஐயோ, இவரு கூடவா? சாமி சத்தியமா இல்லீங்க,” என்றாள் ஒருத்தி, பக்கத்தில் நின்றவனைக் காட்டி. மண்டபம் சிரித்தது. மொழிபெயர்ப்புக் கேட்டதும் மேடையும் சிரித்தது.

அப்போது வாசலில் ஒரு குரல். “நானும் அந்தத் தோட்டந்தாங்க. ரெண்டு தடவ கவுத்திருக்கேன். எனக்கு மட்டும் ஏறல. ஏன்னா நான் மாமனார் கடை விலாசம் குடுத்தேன்.” முருகேசு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தான், அடி வாங்கப் போகிறவன் குளித்துவிட்டு வந்த மாதிரி.

கம்பெனி ஐயா தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஒரே வீடாகத்தான் பதிவாகியிருக்கிறது,” என்றார். “மேடம், நாங்கள் யாரிடமும் இனம், மதம் கேட்பதில்லை. இயந்திரத்துக்கு அது தெரியவே தெரியாது.”

“கேட்க வேண்டிய அவசியமே இல்லையே,” என்றார் அந்த அம்மா. “கதவு எண் இல்லாத விலாசம் இந்த நாட்டில் யாருக்கு இருக்கிறது? தோட்டத்துத் தமிழர் என்று விலாசமே சொல்லிவிடுகிறது.” அதைத் தமிழில் சொன்னவர் இரண்டு தடவை சொன்னார். அவரும் தோட்டத்துப் பிள்ளையாக இருக்கும்.

இனி எழுதும் விதியில் மூன்று விஷயம் கட்டாயம் வரும் என்று அந்த அம்மா சொன்னார். விலையின் காரணத்தை வாங்குகிறவர் மொழியில் சொல்ல வேண்டும். குறை கேட்டு விலையைத் திருத்த அதிகாரம் உள்ள ஒரு மனுஷர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். எந்தச் சனத்துக்கு விலை ஏறுகிறது என்று வருடா வருடம் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள்.

லெட்சுமி மட்டும் தட்டவில்லை. “விதி எப்ப வருங்க?”

“காலம் எடுக்கும் அம்மா. மந்திரி சபை, பாராளுமன்றம் எல்லாம் இருக்கிறது.”

“என் வண்டிய மாசக் கடைசியில தூக்கிருவாங்க.”

அந்த அம்மா கம்பெனி ஐயாவைப் பார்த்தார். “இப்போதைக்குக் கையால் ஒரு விலை போட முடியுமா?”

“சிஸ்டம் இடம் கொடுக்காது மேடம்.”

“கடைசியாக நீங்கள் எங்களிடம் பதிந்த பட்டியல் எது?”

ஐயாவுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து சிவகுமரன் எழுந்தான். காது சிவந்திருந்தது. “இயந்திரத்துக்கு முன்னம் இருந்தது, மேடம். ரத்துச் செய்து கடிதம் ஒண்டும் வரேல்லை. என்ரை அலுமாரியிலை இருக்கு.”

அந்த அம்மா சிரித்தார். “அப்படியானால் சட்டப்படி இன்றைக்கும் அதுதான் விலை. வேறொன்று பதியும் வரைக்கும்.” ஐயா தன் கம்ப்யூட்டரை மூடினார்.

வெளியே வந்து சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டோம். பருப்பும் தேங்காய்ச் சம்பலும் கருவாடும். சிவகுமரனைக் கூப்பிட்டு, “உனக்கு வேலை போயிருமா தம்பி?” என்று கேட்டேன். “போனா கோத்தகிரிக்கு வாறன் அம்மா, மாடு மேய்க்கலாம்,” என்றான். போகவில்லை. விசாரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பதினோரு பேரும் கிளைக்குப் போனார்கள். சிவகுமரன் பழைய பட்டியலை விரித்து, ஸ்கேல் வைத்து, விரலால் தொட்டுக் காட்டி ஒவ்வொருவருக்கும் சொன்னான்: வண்டியின் வயசு இது, இத்தனை வருடம் இடிக்கவில்லை, அதற்கு இவ்வளவு குறைப்பு. லெட்சுமிக்குப் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைந்தே வந்தது. முருகேசும் தானாகப் போய் நின்றிருக்கிறான். அவனுக்கு ஏறியது. “காரணத்தோட ஏறுனா வலி கம்மிதான்,” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் இதைச் சொல்கிறபோதும் அந்த விதி வந்து சேரவில்லை. வரைவு ஊர் ஊராகப் போகிறதாம். அந்த அம்மா விடமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை கோழியை இறக்கிவிட்டு, ஆட்டோவைக் கழுவி, லைசென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி, லெட்சுமி என்னை ரயிலுக்குக் கூட்டிப் போனாள். பாதி இறக்கத்தில் கீழ்த் தோட்டத்துக் கங்காணி ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்.

“குளவி கொட்டிருச்சு! மூணு பேரு!”

கொழுந்து பறிக்கிறபோது கூட்டில் கை பட்டிருக்கிறது. மூன்று பெண்களைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒருத்திக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. லெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“என்னைய என்ன பாக்குற? ஏத்துடி,” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று பேருக்குத்தான் இடம்.

வண்டி கிளம்பிவிட்டது. கங்காணி மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். “ரயிலுக்குப் போறீங்களா? போயிருமேம்மா?”

“போகட்டும். நாளைக்கும் ஒண்ணு வரும்.”

பையின் மேல் உட்கார்ந்தேன். கீழே வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு பதுளைப் பக்கம் அந்த நீல வண்டி இறங்குவது தெரிந்தது.

“யாரு வண்டிம்மா அது?” என்று கேட்டார் கங்காணி.

“என் அக்கா மகள் வண்டி,” என்றேன்.